தண்ணீர் குடிக்காத சுற்றுலா

பொங்கல் விடுமுறை முடிந்தால் பள்ளிக்கூடங்களில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடும். வந்தவாசிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளுக்கு வேடந்தாங்கல் பறவை ஏரிதான் வசதி. பக்கத்தில் இருக்கிறது, செலவும் கையைக் கடிக்காது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய்வரும் ஆசிரியைகளில் நானும் ஒருத்தி.

ஏரிக்கரைமேல் ஏறி நின்றதும் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இது நத்தைகுத்திதானே? எங்க கழனியிலயே நிக்குமே. இதுக்கா வேன் வெச்சு வந்தோம்?"

நியாயமான கேள்வி. அந்த நாரை உழுத சேற்றில் நத்தை பொறுக்குவதை அவன் தினம் பார்க்கிறான். மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அந்த அலகை என்னைவிட நன்றாக வரைவான். அவன் பார்த்திராதது கூட்டை. தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களைக் காட்டினேன். கீழே தண்ணீர் இருப்பதால் பூனையோ நாயோ லேசில் ஏற முடியாது, அதனால்தான் இங்கே முட்டையிடுகின்றன என்றேன். "அப்போ சாப்பாடு நம்மூர்ல, வீடு இங்கயா?" என்றாள் ஒருத்தி. அன்றைய பாடத்தை அவளே நடத்தி முடித்துவிட்டாள்.

எச்சத்தைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிருக்கு உரம் என்பது இந்த ஊராருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். துப்பாக்கியோடு வந்தவர்களைத் தடுக்க, 1798-லேயே ஆங்கிலேயக் கலெக்டரிடம் எழுத்தில் உரிமை வாங்கி வைத்தார்கள். உலகின் முக்கிய ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இந்த ஏரி சேர்ந்தது 2022-ல்தான். சுமார் 30 ஹெக்டேர்தான் மொத்தமே. எங்கள் பிள்ளைகளின் ஊர் ஏரிகளில் சில இதைவிடப் பெரியவை!

வேடந்தாங்கலின் முழு அழகும் மாலை நான்கு மணிக்கு மேல்தான். மேய்ச்சலுக்குப் போன கூழைக்கடா, அரிவாள் மூக்கன், நீர்க்காகம் எல்லாம் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும். அன்று அந்த நேரத்தில் என் வகுப்புப் பெண்பிள்ளைகள் மூன்று பேர் வேன் சீட்டில் சுருண்டு கிடந்தார்கள். ஒருத்திக்கு வாந்தி, மற்ற இருவருக்கும் தலைவலி. புளியோதரை ஒத்துக்கொள்ளவில்லை என்றார் உடன் வந்த ஆசிரியர். பாட்டில்களை எடுத்துப் பார்த்தேன். காலையில் வீட்டில் நிரப்பிய தண்ணீர் கழுத்துவரை அப்படியே இருந்தது.

"வழியில தண்ணி குடிக்காதே" என்று சொல்லித்தான் அம்மாக்கள் அனுப்புகிறார்கள். பையன்களுக்கு வேலியோரம் போதும்; வேன் நின்றதும் குதித்து ஓடுவார்கள். பெண்பிள்ளை எங்கே போவாள்? ஐந்தாம் வகுப்பிலேயே வயதுக்கு வந்துவிடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் அவஸ்தை. ஆசிரியைகள் நாங்களும் குடிப்பதில்லை, அதை வெளியே சொல்வதுமில்லை.

பெட்ரோல் பங்குகளில் பொதுமக்களுக்குக் கழிப்பறையும் குடிநீரும் தரவேண்டும் என்று விதி இருக்கிறது. நடைமுறையில் கதவில் பூட்டு தொங்கும். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். சாவி கிடைத்தால் உள்ளே தாழ்ப்பாள் இருக்காது, தாழ்ப்பாள் இருந்தால் வாளி இருக்காது. எந்த பங்கில் விளக்கு எரியும், எந்த ஓட்டலில் முகம் சுளிக்காமல் விடுவார்கள் என்பதெல்லாம் வேன் டிரைவர் அண்ணன்களுக்கு அத்துப்படி. சுற்றுலாவுக்குப் பாதை போடுகிற நாங்கள் அவர்களிடம் அதைக் கேட்பதில்லை. பெற்றோர் சம்மதக் கடிதம், முதலுதவிப் பெட்டி, பிள்ளைகள் பட்டியல் என்று எத்தனையோ தாள்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கழிப்பறை எங்கே என்று கேட்ட தாளை நான் பார்த்ததில்லை.

இவ்வளவு தொல்லைக்குப் பேசாமல் ஸ்மார்ட் வகுப்பறையில் வீடியோ போட்டுவிடலாம் என்கிறார்கள் சிலர். பாதுகாப்பை நினைத்துச் சொல்வது, தப்பில்லை. ஆனால் கழனியையும் கூட்டையும் சேர்த்துப் பார்க்கும் கேள்வி வீடியோவிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

இப்போது நான் முதலில் டிரைவரிடம்தான் பேசுகிறேன். பிறகு, பாதையில் இருக்கும் அரசுப் பள்ளிகளுக்கு ஒரு போன். "எங்க பிள்ளைங்க பதினோரு மணிக்கு வருவாங்க, உங்க பொண்ணுங்க டாய்லெட்டைத் திறந்து வைக்க முடியுமா மேடம்?" இதுவரை முடியாது என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பள்ளியில் சத்துணவு அக்கா மோர் கரைத்து வைத்திருந்தார். வேனுக்குள் ஏறியதும் பெண்பிள்ளைகளிடம், எந்தெந்த இடத்தில் எத்தனை மணிக்கு நிற்போம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரிந்தால்தான் பாட்டில் மூடியைத் திறக்கிறார்கள்.

இப்படி நின்று நின்று போவதில் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகிறது. அதற்காக மாமல்லபுரத்தைச் சுற்றுலாப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கடலைக் காட்டவில்லையே என்று பையன்களுக்கு என்மேல் கோபம். கட்டணம் அதேதானா, ஓர் இடம் குறைகிறதே என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து அவருக்குப் பதில் சொல்லத் தொடங்கிவிட்டார்.