சுண்ணாம்புப் படிவும் திராவகத்தின் வன்மையும்

தூத்துக்குடிக் கரையோரக் கிராமங்களில் பல கிணறுகளின் நீர் கடினமானது. அந்நீரைச் சொட்டு நீர்க் குழாய்களில் செலுத்தினால் சில பருவங்களுக்குள் வெண்மையான படிவு துளைகளை அடைத்துவிடும். வரிசையின் கடைசியிலுள்ள வாழை நீரின்றி வாடிய பின்னரே பலர் இதனை அறிகின்றனர். உடனே கடையில் திராவகம் வாங்கி, அளவின்றி ஊற்றுவோரும் உண்டு. அதனால் குழாயின் இரும்பு, பித்தளை உறுப்புகள் அரிக்கப்படுவதுடன் வேலையாளின் கண்ணுக்கும் ஆபத்து நேரிடும்.

படிவு யாது?

இப்படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. முத்துச் சிப்பியின் ஓடும் அதனுள் விளையும் முத்தும் மிகுதியும் இப்பொருளே. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. எனினும் கரையில் ஒதுங்கும் சிப்பியோடுகளைக் கொண்டே இதன் இயல்பை எளிதில் அறியலாம்.

ஒரே ஓட்டைச் சம அளவுத் துண்டுகளாக உடைத்து இரு கண்ணாடிக் குவளைகளில் இடுக. முதலாவதில் 9 பங்கு நீரில் 1 பங்கு உப்புத் திராவகம் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) கலந்ததையும், இரண்டாவதில் 8 பங்கு நீரில் 2 பங்கு கலந்ததையும் சம அளவாக ஊற்றுக. இரண்டிலும் கரியமில வாயு குமிழியிட்டெழும். தொடக்கத்தில், இரண்டாவதில் அவ்வேகம் ஏறக்குறைய இரு மடங்காயிருக்கும். ஒவ்வொரு துளியிலும் அமிலத்துகள்கள் மிகுதியாதலின், அவை ஓட்டின்மீது அடிக்கடி மோதுவதே இதன் காரணம். அமிலம் செலவாகச் செலவாக இரண்டிலும் வேகம் தணிந்து, ஈற்றில் நின்றுவிடும்.

வேகம் வேறு, அளவு வேறு

வன்மை வேகத்தை மட்டுமே நிர்ணயிக்கும். மொத்தம் எவ்வளவு படிவு கரையும் என்பதோ ஊற்றிய அமிலத்தின் அளவைப் பொறுத்தது. 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க 73 கிராம் தூய உப்பு அமிலம் வேண்டும். கடைச் சரக்கு 30 சதவீத வன்மையுடையதாயின் ஏறக்குறைய 243 கிராம். அதனை நூறு மடங்கு நீரில் கலந்தாலும் கரைக்கும் அளவு குறையாது, காலமே நீளும். கந்தகத் திராவகத்தை வன்மையாக இட்டாலோ, ஓட்டின்மேல் ஜிப்சப் பொருக்குப் படிந்து வினை தடைப்படும். ஆகவே வன்மையைக் கூட்டினால் வேகம் எப்பொழுதும் கூடும் என்று கருதலாகாது.

செய்முறை

முதலில் படிவைச் சுரண்டி, அதன்மேல் நீர்த்த அமிலம் சில துளிகள் விடுக. பொங்கினால் சுண்ணாம்பு, பொங்காவிடில் பாசி அல்லது வண்டலாதல் கூடும், அதற்கு அமிலம் பயன்படாது. சுண்ணாம்பாயின் நீர்த்த அமிலத்தை உரத்தொட்டி வழியாகச் சிறிது சிறிதாகச் செலுத்துக. வழியிலுள்ள படிவே அமிலத்தைத் தின்றுவிடுமாதலின், தலைப்பில் சோதித்தல் போதாது. கடைசிச் சொட்டுவானில் விழும் நீரைச் சோதனைத் தாளால் நோக்கி, அமில கார நிலை எண் 4 ஆனவுடன் பம்பை நிறுத்துக. ஒரு நாள் அப்படியே வைத்திருந்து, மறுநாள் குழாய் முனைகளைத் திறந்து நன்கு கழுவி விடுக. இவ்வெண்ணில் ஒரு படி குறைவது அமிலம் பத்து மடங்கு கூடுவதற்குச் சமம். எனவே 4-லிருந்து 3-க்கு இறக்குதல் சிறிய மாற்றமன்று.

எச்சரிக்கை

நீரில் அமிலத்தை ஊற்றுக. அமிலத்தில் நீரை ஒருபோதும் ஊற்றலாகாது, கொதித்துத் தெறிக்கும். கையுறையும் கண்ணாடியும் அவசியம். பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால் நச்சு வாயு எழும். அமில நீர் கிணற்றுக்குத் திரும்பாதவாறு தடுப்பு வால்வு இருத்தல் வேண்டும். குளிர்பானப் புட்டிகளில் திராவகத்தை வைப்பது குழந்தைகளின் உயிருக்கு உலைவைப்பதாகும். கிராம அதிகாரிகள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைத்தல் நன்று.

அவசரப்பட்டு வன்மையைக் கூட்டுவதினும், பொறுத்திருந்து காலத்தைக் கூட்டுவதே குழாய்க்கும் பயிருக்கும் ஆளுக்கும் நலம்.