திருகாணி இறங்க எலும்பு வேண்டும்

புல்மோட்டைக் கடற்கரையின் கருமணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் உண்டு. இரண்டும் டைட்டானியத் தாதுக்கள். திருகோணமலை மாவட்டத்து மணலில் கிடக்கும் அந்த உலோகத்தில்தான், இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடையில் இறக்கும் திருகாணியும் செய்யப்படுகிறது. டைட்டானியத்தை எலும்பு ஒதுக்காமல் இறுகப் பற்றிக்கொள்வதை 1952இல் முயல் எலும்பில் கண்டவர் சுவீடனின் பிரோனமார்க். 1965இல் அவர் அதை மனிதத் தாடையில் பொருத்தினார்.

பற்றிக்கொள்ள எலும்பு மிஞ்சியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பல் போனதும் அதைத் தாங்கிய எலும்புக்கு வேலை இல்லை, கரையத் தொடங்குகிறது. முதல் ஆண்டிலேயே அதன் அகலம் ஏறத்தாழப் பாதியாகக் குறையலாம். பெரும்பகுதி முதல் 3 மாதங்களில் போய்விடும். முரசு நோய் உள்ளவர்களுக்கோ, பல் விழுமுன்பே எலும்பு தேய்ந்திருக்கும். புகைப்பழக்கம் அந்த நோயைக் கடுமையாக்கும். மேல்தாடையின் கடைவாயில் இன்னொரு சிக்கல்: எலும்புக்கு மேலே காற்றறை. இடம் போதாவிட்டால் அதன் அடிச்சவ்வை மெல்ல உயர்த்தி, கீழே எலும்புத்துகள் நிரப்புவார்கள்.

துகள் எங்கிருந்து வரும்? நோயாளியின் நாடியிலிருந்தோ தாடையின் பின்பக்கத்திலிருந்தோ எடுக்கலாம். நிறையத் தேவையென்றால் இடுப்பெலும்பு. பதப்படுத்திய மாட்டெலும்பும், செயற்கைக் கல்சியம் பொசுபேற்றும் உண்டு. தானமாகக் கிடைத்த மனித எலும்பும் பயன்படும். ஹட்சன் சில்வா தொடக்கிய கண் தான சங்கத்தின் கீழ் 1996இல் கொழும்பில் மனித இழைய வங்கி உருவானது.

துகளை மூடும் சவ்வு சிலவேளை பன்றியிலிருந்து பெறப்படும். ஆகவே கிண்ணியாவிலோ மூதூரிலோ உள்ள முஸ்லிம் குடும்பமும், மாட்டெலும்பை விரும்பாத இந்துக் குடும்பமும் பொருளின் மூலத்தை முன்கூட்டியே கேட்கலாம். மாற்றுப் பொருள்கள் உண்டு.

அவசரம் உதவாது. துகள் எலும்பாக இறுக 4 முதல் 9 மாதங்கள் பிடிக்கும். திருகாணி பற்ற மேலும் சில மாதங்கள். புகைப்பவர்களுக்கும், சீனி வருத்தம் கட்டுப்படாதவர்களுக்கும் தோல்வி வாய்ப்பு அதிகம்.

எல்லோருக்கும் எலும்பு கட்டத் தேவையில்லை. கீழ்த்தாடையில் பல்லே இல்லாத முதியவருக்கு, முன்பக்கத்து எலும்பு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். அங்கே இரண்டு திருகாணிகள் இறக்கிக் கட்டுப்பல்லை அவற்றில் மாட்டலாம். 2002இல் மொன்றியலின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் பரிந்துரைத்ததும் அதையே.

பல்லைப் பிடுங்கும் நாளிலேயே குழியைத் துகளால் நிரப்பினால் தேய்வு குறையும். பின்னாளில் திருகாணி வைக்க எண்ணுபவர், பிடுங்குமுன் பல் வைத்தியரிடம் இதைப் பேசிக்கொள்வது நல்லது.