வலீமா விருந்தில் புகைப்பட விளையாட்டுகள்: மகிழ்ச்சியும் இருக்கட்டும், மறைவும் இருக்கட்டும்

நம் வீட்டுத் திருமணங்கள் முடிந்து சில வாரங்களில் கனமான ஆல்பம் ஒன்று வந்து சேரும். புரட்டினால் பெரும்பாலும் ஒரே மேடை, ஒரே நாற்காலி, பக்கத்தில் நிற்பவர்கள் மட்டும் மாறிக்கொண்டே இருப்பார்கள். மேடை ஏற முடியாமல் கீழே உட்கார்ந்திருந்த பாட்டியும், விடுமுறை வாங்கி வளைகுடாவிலிருந்து வந்த மாமாவும், காலையிலிருந்து பந்தியில் பரிமாறிய பிள்ளைகளும் அதில் இருக்க மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், பெண்கள் பகுதியில் யாரோ மொபைலில் எடுத்த படம் அன்று மாலையே அறிமுகமில்லாதவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்து நிற்கும். படத்தில் உள்ள பெண்ணுக்கு அது எடுக்கப்பட்டதே தெரிந்திருக்காது. வேண்டியவர்களின் படம் கிடைக்காததற்கும், வேண்டாத இடத்துக்குப் படம் போனதற்கும் காரணம் ஒன்றுதான்: யாரும் முன்கூட்டியே திட்டமிடவில்லை.

இப்போது பல வீடுகளில் விருந்தினரையே படமெடுக்க வைக்கும் சிறு விளையாட்டுகளை விரும்புகிறார்கள். நன்றாகத் திட்டமிட்டால் செலவும் குறைவு, மன வருத்தமும் வராது.

முதலில் முடிவு செய்ய வேண்டிய மூன்று

யார் எடுப்பது? யார் பார்ப்பது? விருந்து முடிந்தபின் படம் யாரிடம் இருப்பது? இரு வீட்டாரும் உட்கார்ந்து இந்த மூன்றுக்கும் விடை சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெண்கள் பகுதியைப் பற்றிய முடிவை மணப்பெண்ணிடமும் வீட்டுப் பெண்களிடமும் கேட்டே எடுக்க வேண்டும்.

அடுத்தவர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லியே நுழைய வேண்டும் என்று அந்நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் நமக்குக் கற்றுத் தருகிறது. கேமராவை ஒருவரின் முகத்துக்கு நேரே உயர்த்தும்போதும் அந்த ஒழுக்கத்தை நினைவில் வைப்பது நல்லது. உருவப்படம் எடுப்பதையே தவிர்க்கும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு. அவர்களை வற்புறுத்தவும் கூடாது, கிண்டல் செய்யவும் கூடாது.

உடனடிப் படமும் துஆ புத்தகமும்

எடுத்த உடனே காகிதத்தில் படம் தரும் இன்ஸ்டாக்ஸ் போன்ற கேமராக்கள் இதற்கு ஏற்றவை. ஒரு குடும்பத்துக்கு ஒரு படம் எடுத்து, வெற்றுப் பக்கங்கள் உள்ள புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் மணமக்களுக்கு துஆவும் வாழ்த்தும் எழுதச் சொல்லலாம். இன்ஸ்டாக்ஸ் மினி ஃபிலிம் 86 மில்லிமீட்டர் உயரமும் 54 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. ஒரு பாக்கெட்டில் 10 படங்கள். 300 விருந்தினர் என்றால் சராசரியாக 60 குடும்பங்கள் என்று வைத்து 6 பாக்கெட் வாங்கலாம். வீணாகும் படங்களுக்காக இன்னொன்று கூடுதலாக இருக்கட்டும்.

கவனிக்க வேண்டியவை சில. வெளியே வந்த படத்தை உதற வேண்டாம், மேசையில் வைத்தால் ஒன்றரை நிமிடத்தில் உருவம் தெளிந்துவிடும். ஃபிலிம் உள்ளே இருக்கும்போது பின்மூடியைத் திறந்தால் மீதிப் படங்கள் கெட்டுவிடும். எனவே கேமரா ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். ஃபிளாஷ் வெளிச்சம் இரண்டரை மீட்டருக்கு அப்பால் போதாது. ஆகவே அருகில் நிற்கச் சொல்லுங்கள். ஃபிலிமை வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் நிறம் மாறும். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், விமானத்தில் ஏற்றும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் எடுத்து வரச் சொல்லுங்கள். பெட்டிகளைச் சோதிக்கும் கதிர்கள் ஃபிலிமைப் பாதிக்கும். கைப்பையையும் கதிர்க் கருவியில் விடாமல் கையால் சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளலாம்.

ஃபிலிமில் மட்டும் பதியும் சாதாரண மாடல் கேமராவில் நகல் எதுவும் தங்காது. படம் அந்தக் காகிதத்தில் மட்டுமே இருக்கும். அதனால் பெண்கள் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. மெமரி கார்டும் சேர்ந்த மாடல்களும் கடையில் உண்டு, வாங்கும்போது கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புத்தகத்தை மொபைலில் யாரும் படமெடுக்காதபடி பொறுப்பான சகோதரி ஒருவர் மேசையருகே இருக்கட்டும்.

படம் எடுக்கும் மூலை

ஆண்கள் பகுதியில் ஒன்று, பெண்கள் பகுதியில் ஒன்று எனத் தனித்தனியாக அமையுங்கள். ஒரே நிறத் துணி, தெர்மோகோலில் வெட்டிய பெரிய சட்டகம், கையில் பிடிக்கச் சில அட்டைகள் போதும். அட்டையில் ‘மாப்பிள்ளையின் பள்ளித் தோழன்’, ‘பிரியாணிக்காகவே வந்தேன்’, ‘நானும் பெண் வீடுதான்’ என்று எழுதிப் பாருங்கள், கூச்சப்படுபவர்களும் சிரித்துக்கொண்டே வந்து நிற்பார்கள்.

ஜன்னல் அல்லது விளக்கு, நிற்பவரின் முகத்துக்கு நேராக இருக்க வேண்டும். முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்தால் முகம் இருட்டாகிவிடும். பெண்கள் பகுதியில் படமெடுப்பவர் பெண்ணாக இருக்கட்டும். மூலைக்குப் பின்னால் சுவர் இருக்கட்டும். கண்ணாடியோ, பந்தி நடக்கும் இடமோ பின்னால் இருந்தால், சம்மதம் சொல்லாத பெண்களும் படத்தில் விழுந்துவிடுவார்கள். பெண்கள் பகுதிக் காட்சியை மண்டபத் திரையிலோ நேரலையிலோ காட்டுவதில்லை என்பதையும் போட்டோகிராபரிடம் முன்பே உறுதி செய்யுங்கள்.

பிள்ளைகளுக்குப் படவேட்டை

பிள்ளைகளை நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு பழைய மொபைலும் ஒரு பட்டியலும் கொடுங்கள். சிம் இல்லாத, வைஃபை இணைக்காத மொபைலாக இருந்தால் படம் வேறெங்கும் போகாது. பட்டியல் இப்படி இருக்கலாம்:

• இந்த விருந்துக்கு அதிகத் தூரத்திலிருந்து வந்தவர்
• ஒரே பெயர் கொண்ட மூன்று பேர், ஒன்றாக நின்று
• ஒரே சஹனில் சேர்ந்து சாப்பிடுபவர்கள்
• சமையல்காரரும் அவருடைய தேக்சாவும்
• மாப்பிள்ளையின் வாப்பாவுடன் பள்ளியில் படித்தவர்
• குடும்பத்தில் மூத்தவரின் கை, இளையவரின் கையோடு

‘படம் எடுக்கலாமா?’ என்று கேட்ட பிறகே எடுக்க வேண்டும் என்பது முதல் விதி. மறுத்தால் ஸலாம் சொல்லி நகர்வது இரண்டாவது விதி. ஆண் பிள்ளைகளின் குழு ஆண்கள் பகுதியிலும், பெண் பிள்ளைகளின் குழு பெண்கள் பகுதியிலும் இருக்கட்டும். வெற்றி பெற்ற குழுவுக்கு நல்ல புத்தகங்களைப் பரிசாகத் தரலாம். உறவுமுறை தெரியாமல் வளரும் பிள்ளைகள், யார் யாருக்கு என்ன வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொள்வார்கள்.

தலைமுறை வரிசை

விருந்தில் ஒரே ஒரு படத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதை எடுங்கள். மூத்தவர், அவர் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரன் என வரிசையாக அமர்த்தி எடுப்பது. பெற்றோரின் பழைய திருமணப் படத்தைக் கொண்டுவந்து, அதில் இருந்தவர்களை அதே இடங்களில் நிற்க வைத்தும் எடுக்கலாம். சிலருடைய இடம் காலியாக இருக்கும். அந்த இடத்தைக் காலியாகவே விட்டு எடுங்கள், அவர்களுக்காக துஆ செய்ய அது நினைவூட்டும்.

பெரியவர்களை மேடைக்கு அழைக்க வேண்டாம், அவர்களுடைய நாற்காலிக்குக் கேமரா போகட்டும். இரு குடும்பத்தையும் அறிந்த ஒருவர் கையில் பெயர்ப் பட்டியல் இருந்தால், பந்திக்கு முன் இருபது நிமிடத்தில் முடித்துவிடலாம். அடுத்த திருமணத்துக்கு யார் இருப்போம் என்று நம்மில் யாருக்கும் தெரியாது.

முகம் இல்லாத படங்கள்

முகம் பதிய விரும்பாதவர்களை ஒதுக்கிவிடக் கூடாது. மருதாணி இட்ட கைகள் வட்டமாகச் சேர்ந்த படம், வாழ்த்து அட்டையைப் பிடித்த கை, வாசலில் கழற்றி வைத்த செருப்புகளின் வரிசை ஆகியவை எல்லாம் விருந்தின் நினைவுகள்தான். இலையில்லாத மரத்தை வரைந்து, விருந்தினரின் கட்டைவிரல் பதிவுகளை இலைகளாக வைத்து, நிறைந்த மரத்தை இறுதியில் படமெடுக்கலாம்.

படங்களைச் சேர்ப்பதில் கவனம்

மேசைதோறும் கியூ.ஆர். கோடு வைத்து, விருந்தினர் எடுத்த படங்களைக் கூகுள் போட்டோஸ் போன்ற பொது ஆல்பத்தில் சேர்க்கச் சொல்வது இப்போது பரவி வருகிறது. வசதியானதுதான். ஆனால் அந்த லிங்க் கையில் இருக்கும் எவரும் எல்லாப் படங்களையும் பார்க்கலாம், பிறருக்கும் அனுப்பலாம். எனவே ஆண்கள் பகுதியோடு இதை நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் படங்களை இறக்கி வைத்துவிட்டு லிங்க் பகிர்வை அணைத்துவிடுங்கள். பெண்கள் பகுதிப் படங்களை வீட்டுப் பெண் ஒருவர் நேரில் வாங்கிச் சேர்க்கட்டும்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும். டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. ஆனால் படம் எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள்ளேயே சேர்ந்து போகக்கூடும். கேமரா அமைப்பில் லொகேஷனை முன்பே அணைத்துவிடுவது நல்லது. உங்கள் படங்களைத் தன் விளம்பரத்துக்காக இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை என்று போட்டோகிராபரிடம் முன்பணம் கொடுக்கும்போதே எழுதி வாங்குங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் ஒரு படம் வெளியே போய்விட்டால், முதலில் அனுப்பியவரிடம் தனியாக, பொறுமையாகப் பேசி நீக்கச் சொல்லுங்கள். தாமதித்தால் வாட்ஸ்அப்பில் ‘அனைவருக்கும் நீக்கு’ என்ற வசதி மறைந்துவிடும். படத்தைத் திரித்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், ஆதாரங்களைச் சேமித்து வைத்து 1930 என்ற சைபர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். பாதிக்கப்பட்ட பெண்ணைக் குறை சொல்லாமல் வீட்டார் துணை நிற்க வேண்டும்.

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே விருந்தில் செய்ய வேண்டியதில்லை. உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் ஒன்றிரண்டு போதும். வாசலிலும் பெண்கள் பகுதி நுழைவிலும் ‘அனுமதி கேட்டுப் படமெடுப்போம்’ என்று ஒரு பலகை வையுங்கள். புதுமணத் தம்பதியரின் வாழ்வில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.