மூளைநீர்க் குழாயும் குடல்வளரி அழற்சியும்

தலையும் வயிறும் தம்முள் தொலைவான உறுப்புகளேயாயினும், சில குழந்தைகளிடத்து அவ்விரண்டையும் ஒரு மெல்லிய குழாய் இணைத்து நிற்கின்றது. மூளையின் உள்ளறைகளில் தெளிந்த நீரொன்று இடையறாது சுரக்கின்றது. வளர்ந்தவரிடத்து அது நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மில்லிலீற்றர். அந்நீர் குருதியிற் கலக்கும் வழி தடைப்படின் உள்ளறைகள் விரிந்து மூளையை நெருக்கும். இந்நோய் நீர்த்தலை எனப்படும். 1956ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் யோன் ஓல்ற்றர் என்னும் பொறிவினைஞர், இந்நோயுற்ற தம் மகனின் பொருட்டு ஒருவழி வால்வொன்றை ஆக்கினார். முதலில் அந்நீர் இதயத்தை நோக்கிச் செலுத்தப்பட்டது; பின்னர் வயிற்றறைக்குள் வடியவிடும் முறையே பெருவழக்காயிற்று.

குழாயின் நுனி குடல்களினிடையே தங்குவதால் ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. பெருங்குடலின் தொடக்கத்தில் சிறுவிரல்போல் தொங்கும் குடல்வளரி அழற்சியுற்று வெடிப்பின், சீழ் வயிற்றறையிற் பரவும்; கிருமிகள் குழாய்வழியே மூளைவரை ஏறவுங்கூடும். மறுபுறம், கிருமி தொற்றிய குழாயே வயிற்றுநோவையும் காய்ச்சலையும் வாந்தியையும் விளைவிக்கும். குழாய் அடைபட்டாலோ வாந்தியோடு தலைநோவும் மயக்கமும் தோன்றும். குறிகள் இவ்வாறு ஒன்றையொன்று ஒத்திருத்தலின், ஒன்றை மட்டும் எண்ணி மற்றொன்றை மறத்தல் பெருந்தவறாகும்.

ஆகவே மருத்துவர் முதலில் குழாய் பொருத்தப்பட்ட காலத்தை வினவுவர். குழாய்த்தொற்று பெரும்பாலும் முதற்சில மாதங்களிலேயே நிகழ்வது. ஆண்டுகள் பல கழிந்தபின் வரும் நோவில் குடல்வளரியை ஐயுறுதல் பொருந்தும். கொப்பூழைச் சுற்றித் தொடங்கிய நோ வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்தல் அதன் சிறந்த குறி. முதுகெலும்புப் பிளவோடு பிறந்த குழந்தைகளுட் சிலருக்கு உணர்ச்சி குன்றியிருத்தலின் அக்குறி மங்கித் தோன்றலாம். கேளா ஒலிப் படமும், வேண்டின் சீ.ரீ. படமும் வயிற்றின் நிலையைக் காட்டும். மூளைநீரைச் சிறிது எடுத்துச் சோதிக்குங்கால், தோற்கிருமி காணப்படின் குழாய்த்தொற்றும், குடற்கிருமி காணப்படின் குடல்வழி வந்த தொற்றும் ஐயுறப்படும்.

சிகிச்சையின் போக்கைக் குடல்வளரியின் நிலையே பெரிதும் வகுக்கின்றது. அது வெடியாதிருப்பின், நுண்ணுயிர்கொல்லி மருந்தளித்துக் குடல்வளரியை அகற்றி, குழாயை இருந்தவாறே விட்டுவிடுதல் பெரும்பாலும் இயலும். வெடித்துச் சீழ் பரவியிருப்பின், குழாயின் வயிற்று நுனியை வெளியே எடுத்து மூளைநீரைப் புறத்தே வடியவிடுவர். நீர் கிருமியற்றதென உறுதியான பின்னரே புதுக்குழாய் பொருத்தப்படும். வெடித்தபின் நேரும் இந்நெடிய துன்பத்தைத் தவிர்க்கவல்லது காலத்தாற் செய்யும் சிகிச்சையே.

அப்புத்தளை மலைச்சரிவுகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் இக்காலமே அரிய பொருள். லயத்திலிருந்து தோட்ட மருந்தகத்துக்கும், அங்கிருந்து தியத்தலாவை அல்லது பதுளை வைத்தியசாலைக்கும் செல்லும் ஒவ்வொரு படியிலும் நேரம் கழிகின்றது. வயிற்றுநோ கண்டவுடன் விளக்கெண்ணெய் முதலிய பேதிமருந்து கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. அழற்சியுற்ற குடல்வளரி வெடிப்பதற்கு அது ஏதுவாகலாம். காதின் பின்புறத் தோலின்கீழ்த் தென்படும் சிறு புடைப்பு குழாயை உணர்த்தும் அடையாளமாயினும், அவசரத்தில் அது கண்ணுக்குத் தப்பக்கூடும். பெற்றோர் குழாயிருப்பதை முதலிலேயே சொல்லிக் கிளினிக் புத்தகத்தையும் காட்டுவாராயின், வயிற்றைக் காணும் சத்திரசிகிச்சை நிபுணரும் மூளையைக் காணும் நிபுணரும் தொடக்கத்திலேயே கலந்து முடிவுசெய்தல் கூடும். நோயுற்ற பிள்ளை தன் நோவை மட்டுமே கூறும். குழாயின் வரலாற்றைக் கூறவேண்டியவர் பெற்றோரே.