நேரும் எதிரும்

வட்டுக்கோட்டையில் 1823-ஆம் ஆண்டு எழுந்த செமினரியிலே கணிதமும் வானநூலும் கற்பிக்கப்பட்டன. விண்ணை நோக்கித் தான் நிற்கும் இடத்தை அறியும் கலை, இன்று மீனவரின் உள்ளங்கைக் கருவியில் அடங்கிவிட்டது.

அஃது எங்ஙனம்? ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலவும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் ஒவ்வொன்றும், நேரும் எதிருமான 1,023 குறிகள் கொண்ட தனித் தொடரொன்றை ஒரு விநாடிக்கு ஆயிரம் முறை அனுப்புகின்றது. அவ்வலை இரைச்சலினும் மெலிது. கருவியோ அத்தொடரின் படியைத் தன்னகத்தே வைத்து, சிறிது சிறிதாக நகர்த்தி, வரும் அலையோடு பொருத்திப் பார்க்கின்றது. பொருந்துமிடம் அலை வந்த நேரத்தைக் காட்டும். விநாடியின் பத்திலட்சத்தில் ஒரு பங்கு தவறினும் தூரம் 300 மீட்டர் பிழைத்துவிடும்.

இதற்குப் பல இலட்சம் பெருக்கல்கள் வேண்டும். பெருக்கலோ மின்கலத்தை விரைந்து உண்ணும். பொறியாளர் கண்ட சிக்கனம் ஒன்றுண்டு. வரும் அலையின் அளவை விடுத்து, நேரா எதிரா என்பதை மட்டுமே கொள்வர். அப்போது பெருக்கல், 'இரண்டும் ஒன்றா, வேறா?' என்னும் வினாவாகச் சுருங்கும். அதற்கு ஒரு சிறு மின்சுற்றே போதும். அலையின் வலிமையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் இழப்பு நேரும். சற்று நீண்டநேரம் கூட்டிப் பார்ப்பின் அதுவும் ஈடாகும்.

பாக்கு நீரிணையின் எல்லைக்கோட்டை அலைமேல் எவரும் கண்டதில்லை. நள்ளிரவில் மின்கலம் தீர்ந்தால், மீனவருக்குக் காத்திருப்பது சிறையும் படகிழப்புமன்றோ? எஞ்சிய மின்துளியிலேதான் அவர் வீடு திரும்பும் வழி இருக்கின்றது.