வாய்வுன்னு நினைச்ச ஒரு ராத்திரி: மாரடைப்பும் கடைமடையும்

போன ஐப்பசியில, மன்னார்குடி பக்கம் எங்க பெரியப்பா வயல்ல நடவு முடிச்சுட்டு வந்து, “நெஞ்சு கரிக்குதுடா”ன்னார். வாய்வுதான்னு வீட்டுல நாங்களே முடிவு பண்ணிட்டோம். ஓமத் தண்ணி, சோடா. ராத்திரி பக்கத்துல ஒரு கிளினிக்ல ஊசி போட்டாங்க, ஈசிஜி எடுக்கல. மறுநாள் காலையில தஞ்சாவூர் போனப்பதான் அது மாரடைப்புன்னு தெரிஞ்சுது.

பிழைச்சுட்டார். ஆனா எக்கோ ரிப்போர்ட்ல 30 சதவீதம்னு வந்துச்சு. அதாவது, இதயத்தோட இடது கீழறையில நிரம்புற ரத்தத்துல, ஒரு துடிப்புக்கு வெளியே போறது அவ்வளவுதான். பொதுவா அது 55-க்கு மேல இருக்கும். இப்ப வரப்புல பத்தடி நடந்தா உக்காந்துடறார். அந்த ஒரு ராத்திரியில என்ன போச்சுன்னு தேடினப்ப கிடைச்ச ஒரு ஆய்வுதான் இன்னைக்கு விஷயம்.

என்ன நடக்குது?

டெல்டாக்காரங்களுக்கு ஈஸியா புரியும். வாய்க்கால்ல அடைப்பு விழுந்தா கடைமடை காயும். இதய ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டி அடைச்சா, அதுக்கு அந்தப் பக்கம் இருக்கிற தசை நிமிஷக்கணக்குல சாக ஆரம்பிக்கும். பயிர் மாதிரி திரும்பத் தழைக்காது.

அடைப்பைத் திறக்க ரெண்டு வழி. ஒண்ணு, கேத் லேப்ல ஆஞ்சியோகிராம் எடுத்து, பலூன், ஸ்டென்ட் வைக்கிறது. சுமார் 2 மணி நேரத்துக்குள்ள செய்ய முடிஞ்சா இதுதான் முதல் தேர்வு. முடியாதுன்னா கட்டியைக் கரைக்கிற மருந்து. வேதாரண்யத்துல இருந்து தஞ்சாவூர் சுமார் 100 கிலோமீட்டர். ஆம்புலன்ஸ் வரணும், ரோடு விடணும். கணக்கு நீங்களே போடுங்க.

தமிழ்நாட்டு ஆய்வு

கோவையைச் சேர்ந்த இதய மருத்துவர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையின் அஜித் முல்லசாரி உள்ளிட்ட குழு இந்தக் கணக்கைத்தான் கையில எடுத்தது. கேத் லேப் இருக்கிற 4 பெரிய ஆஸ்பத்திரிகளோட 35 சின்ன மையங்களை இணைச்சாங்க. சின்ன மையத்துல ஈசிஜி எடுத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும். தேவைப்பட்டா அங்கேயே கட்டி கரைக்கிற மருந்து, அப்புறம் 3 முதல் 24 மணி நேரத்துக்குள்ள ஆஞ்சியோ. 2,420 நோயாளிகளோட முடிவுகள் 2017-ல ‘ஜாமா கார்டியாலஜி’ இதழ்ல வந்துச்சு.

ஆஞ்சியோ எடுத்தவங்க 35 சதவீதத்துல இருந்து 60.8 சதவீதம் ஆனாங்க. ஒரு வருஷத்துக்குள்ள இறந்தவங்க 17.6-ல இருந்து 14.2 சதவீதமா குறைஞ்சாங்க. நூறு பேருக்கு மூணு பேர் கூடுதலா வீட்டுல இருக்காங்க.

ஆனா இன்ஜினியரா ஒரு விஷயம் சொல்லணும். இது ஏ/பி டெஸ்ட் இல்ல. திட்டத்துக்கு முன்னாடி, பின்னாடின்னு ஒப்பிட்டது. மாற்றம் எல்லாம் இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில இருக்கும்போதே நடந்த மரணங்கள்ல பெரிய வித்தியாசம் இல்ல. அடைப்பைத் திறக்க ஆன நேரமும் பெருசா குறையல.

நேரம் எங்க போகுது?

2008-ல ‘லான்செட்’ல வந்த ‘கிரியேட்’ ஆய்வு இந்தியா முழுக்க 20,468 நோயாளிகளைப் பார்த்துச்சு. வலி ஆரம்பிச்சு ஆஸ்பத்திரி வந்து சேர இடைநிலை நேரம் 360 நிமிஷம். வந்த பிறகு கட்டி கரைக்கிற மருந்து போட 50 நிமிஷம். சர்வர் ஸ்லோ இல்லங்க, ரிக்வெஸ்ட்டே லேட்டாதான் வருது! எங்க வீட்டு ஓமத் தண்ணியும் அந்த 360-க்குள்ளதான் இருக்கு.

2023-ல தமிழ்நாடு அரசு ‘இதயம் காப்போம்’ திட்டத்துல, மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை கிராமத்து சுகாதார நிலையங்கள் வரைக்கும் கொண்டு வந்துச்சு. மருந்து கடைமடைக்கு வந்துடுச்சு. நாமதான் கிளம்பணும்.

அதனால ஊர்ல அப்பா, பெரியம்மா யாராவது நெஞ்சு அழுத்துது, வேர்க்குது, கை இழுக்குதுன்னா, வாய்வான்னு பட்டிமன்றம் வைக்காதீங்க. 108-க்கு போன் போடுங்க. எங்க போனாலும் முதல்ல “ஈசிஜி எடுத்தாச்சா?”ன்னு கேளுங்க. இத கேட்டு முடிச்சதும் உங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வரி போட்டுடுங்க. நான் லேட்டா போட்டேன்.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.