பேஸ்புக்கை விட்டு வந்தாயிற்று, பட்டியலை என்ன செய்வது?

1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்கள் பலவற்றின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீதி, எத்தனையாம் இலக்கம், வீட்டில் யார் யார் என்ற விவரமெல்லாம் அதில் ஒழுங்காக இருந்தது. வாக்குப் போடுவதற்காகக் கொடுத்த பெயர், வீட்டைக் கொளுத்த வந்தவனுக்கு வழி காட்டியது. 2007 ஜூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை உட்படக் கொழும்பின் பல பகுதிகளில் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர் நீதிமன்றத்துக்குப் போய், மறுநாளே அதற்கு இடைக்காலத் தடை வாங்கியது. 2008இல், கடந்த ஐந்து வருடத்துக்குள் வடக்கிலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள் பொலிஸில் பதிய வேண்டும் என்றார்கள். 2023இலும் இதே பகுதிகளில் வீட்டு விவரம் கேட்டுப் படிவங்கள் வந்தன. அரசியல்வாதி மனோ கணேசன் அதைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்டார்.

ஆகவே, ஒரு பெயர்ப் பட்டியல் தவறான கைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட நாங்கள்தான் இன்றைக்கு தொடர்மாடி குரூப், பழைய மாணவர் குரூப், கோயில் குரூப், பிள்ளையின் ரியூசன் குரூப் என்று ஆளுக்குப் பத்துப் பட்டியலில் பெயரும் நம்பரும் படமும் கொடுத்துவிட்டு இருக்கிறோம். யார் சேர்த்தார்கள், யாரெல்லாம் உள்ளே இருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கேட்பதே இல்லை.

பேஸ்புக்கை விட்டு இப்படியான சிறு வட்டங்களுக்கு ஆட்கள் நகர்ந்ததில் பிழை காண முடியாது. 2018 மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்துத் திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அந்த நெருப்புக்குப் பேஸ்புக் பதிவுகள் எண்ணெய் ஊற்றின. கருத்தடை மாத்திரையை உணவில் கலந்து கொடுத்தார்கள் என்று அம்பாறை உணவகம் ஒன்றைப் பற்றிக் கிளம்பிய கட்டுக்கதை சில நாட்களில் கண்டி வரை வந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்பை வாசித்து நீக்கப் போதிய ஆட்கள் அந்த நிறுவனத்திடம் அப்போது இருக்கவில்லை. 2020 மே மாதம்தான், தங்கள் தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்கு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அரசாங்கம் திரும்பத் திரும்பச் செய்தது பூட்டுப் போடுவதைத்தான். 2018 மார்ச் 7இல் பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் வைபரும் தடைப்பட்டன. 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின் மறுபடியும், 2022 ஏப்ரல் 3 போராட்ட நாட்களில் இன்னொரு முறையும் பூட்டினார்கள். 2022இல் மனித உரிமைகள் ஆணைக்குழு தலையிட்டதும் அன்றைக்கே திறக்க வேண்டி வந்தது.

ஆனால் எங்கே போயிருக்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். பேஸ்புக்கை விட்டு வட்ஸ்அப்புக்குப் போனவர், முன்வாசலால் வெளியேறிக் கொல்லைப்புறத்தால் அதே வீட்டுக்குள் வந்தவர், இரண்டும் மெட்டா நிறுவனத்தினுடையவை. வட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டிருக்கிறது, அது நல்லது. எனினும் குரூப்பில் உள்ள ஒவ்வொருவரின் நம்பரும் பொதுவாக மற்ற எல்லோருக்கும் தெரியும். டெலிகிராமை இரகசியமானது என்று நம்புவோர் எங்களிடையே அதிகம். அதன் குரூப்களில் அனுப்புநருக்கும் பெறுநருக்கும் இடையிலான முழுமையான மறைகுறியாக்கம் கிடையவே கிடையாது; தனி இருவர் உரையாடலில்கூட அதை நாமே தெரிவு செய்தால்தான் உண்டு. சிக்னலில் 2024 பெப்ரவரியிலிருந்து நம்பரை மறைத்துப் பயனர் பெயரால் பழகலாம். பெண்கள் அதிகமுள்ள குழுவுக்கும் பதின்ம வயதினர் குழுவுக்கும் நான் சொல்வது சிக்னலைத்தான். மஸ்டடோன் போன்றவை இன்னும் சுதந்திரமானவை. 2022 நவம்பரில் ட்விட்டரை விட்டு ஏராளமானோர் அங்கே போனார்கள். ஆனால் அங்கே யாரோ ஒருவர் சேர்வருக்குக் காசு கட்டி, இரவில் முறைப்பாடுகளையும் பார்க்க வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

மூடிய குழுவுக்கு ஒரு சாபமும் உண்டு. உள்ளே பரவும் பொய்யை வெளியிலிருந்து திருத்த ஆள் இல்லை. உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, குடிநீரில் விஷம் கலந்துவிட்டார்கள் என்ற வதந்தி கொழும்பில் தொலைபேசிக்குத் தொலைபேசி ஓடியது. அதே வாரம் பொலிஸாரே வெளியிட்ட சந்தேகநபர்களின் படங்களில், அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த, எதற்கும் சம்பந்தமில்லாத ஒரு மாணவியின் படமும் இருந்தது. பொலிஸ் திருத்தம் வெளியிட்டது. ஆனால் படத்தை அனுப்பியவர்களில் எத்தனை பேர் திருத்தத்தையும் அனுப்பியிருப்பார்கள்? அரச முத்திரை இருந்தாலும், "சந்தேகநபர்" என்று வரும் எந்தப் படத்தையும் குழுவில் போடாமல் இருப்பதே பாதுகாப்பு. அவர் நிரபராதி என்று தெரியவந்தால் படம் அனுப்பிய நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

குழுவை ஒழுங்காக நடத்த எங்களுக்கு நல்ல வழிகாட்டி வெளிநாட்டில் இல்லை, பக்கத்துத் தெருவில் இருக்கிறது. கொட்டாஞ்சேனை விவேகானந்த சபை 1902இலும், வெள்ளவத்தையில் இருக்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலும் தொடங்கியவை. இப்படியான சங்கங்களுக்கு யாப்பு இருக்கும், செயலாளர் இருப்பார், பொருளாளர் கணக்குக் காட்டுவார், பொதுக்கூட்டம் கூட்டி நிர்வாகத்தை மாற்றுவார்கள். சண்டை வந்தாலும் எந்த விதிப்படி சண்டை என்று தெரிந்து போடுவார்கள். வட்ஸ்அப் குரூப்பில் என்ன நடக்கிறது? சங்கத் தலைவருக்குக்கூடப் பதவிக்காலம் உண்டு, அட்மினுக்கு ஆயுட்காலம். பிடிக்காதவரை இரவோடு இரவாகத் தூக்கிவிடலாம். ஏன் என்று கேட்க இடமில்லை. அட்மின் கனடாவுக்குப் போய் நம்பரை மாற்றிவிட்டால் குழு அநாதை.

ஆகவே குழுவுக்கு ஒரு பக்க யாப்பு எழுதுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். இந்தக் குழு எதற்கு, என்ன போடக்கூடாது, போட்டால் என்ன நடக்கும், யாரிடம் முறையிடுவது என்பவை போதும். அட்மின்கள் குறைந்தது மூவர், அதில் ஒருவராவது பெண், ஒவ்வொரு வருடமும் மாற்றம். ஒருவரை நீக்கினால் காரணத்தை அவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். யாரோ ஒரு ஆண் இரவு பதினொரு மணிக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறார் என்று ஒரு பெண் சொன்னால், "அவர் நல்ல மனிசன், அப்படிச் செய்யமாட்டார்" என்று அட்மின் பதில் சொல்லக்கூடாது. எங்கள் குழுக்கள் பெண்களை இழப்பது பெரும்பாலும் இந்த ஒரு வசனத்தால்தான். வட்ஸ்அப்பில் இப்போது சத்தமில்லாமல் விலகலாம், அட்மினுக்கு மட்டுமே அறிவிப்பு வரும். அதனால் இப்படி விலகியவர்களை யாரும் கவனிப்பதும் இல்லை.

பட்டியலுக்கு வருவோம். சேரும் லிங்க்கைப் பேஸ்புக்கில் பகிரங்கமாகப் போட்டிருந்தால் அதை உடனே மாற்றியமைக்க வேண்டும்; பழைய லிங்க் செத்துவிடும். புதியவரை அட்மின் அனுமதித்த பின்னரே சேர்க்கும் வசதியைப் போடுங்கள். அடையாள அட்டை இலக்கம், வீட்டு இலக்கம், பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று எக்செல் தாள் ஒன்றைச் சுற்றுக்கு விடும் பழக்கத்தை இன்றோடு நிறுத்துங்கள். இரத்த வகை தேவை என்றால் இருவர் மட்டும் வைத்திருக்கட்டும். மாணவர் குழுவில் ஆசிரியர் மட்டும் எழுதக்கூடியதாக அமைத்து, பெற்றோரின் நம்பரைச் சேர்ப்பதே முறை. யாராவது "உங்கள் போனுக்கு வந்த ஆறு இலக்கத்தை அனுப்புங்கோ" என்று கேட்டால், கேட்பவர் உங்கள் சொந்தச் சித்தப்பாவின் நம்பரிலிருந்து கேட்டாலும் கொடுக்க வேண்டாம். சித்தப்பாவின் கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும். இரட்டைச் சரிபார்ப்பு இலக்கத்தைப் போட்டு வைப்பது இரண்டு நிமிட வேலை.

பேஸ்புக்கைக் கைவிடும்போதும் அவசரம் கூடாது. கணக்கை அழிக்குமுன் உங்கள் தகவல்களைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அழிக்கச் சொன்ன பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. முழுவதும் நீங்க 90 நாள் வரை ஆகலாம். குரூப்பை அட்மின் இல்லாமல் விட்டுப் போனால் உள்ளே இருக்கும் வேறொருவர் அதைக் கையில் எடுக்கலாம், உங்கள் சங்கப் பெயரில் எவராவது எதையாவது எழுதிக்கொண்டிருப்பார்.

இனிச் சட்டம். பேச்சுச் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை தருகிறது, 15ஆம் உறுப்புரை அதற்கு வரம்பு போடுகிறது. குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டது. அவதூறு செய்தார் என்று சிவில் வழக்குப் போடலாம். 2024ஆம் ஆண்டு 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அந்த வருடம் பெப்ரவரி 1இல் சபாநாயகரின் சான்றுரை பெற்றது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு பொய்க் கூற்று எது என்று தீர்மானிக்கலாம் என்பதுதான் அதன் மீதுள்ள பெரிய பயம், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஒருவரின் தனிப்பட்ட தகவலை வெளியிட்டுத் தொந்தரவு செய்வதைக் குற்றமாக்கும் பிரிவும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. படம் கசியவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு அது உதவக்கூடும். மோசமான சட்டத்துக்குள்ளும் நல்ல ஒரு பிரிவு இருக்கலாம், கேட்டுப் பயன்படுத்துங்கள்.

நல்ல நோக்கத்தில் வந்த சட்டம் தலைகீழானதும் உண்டு. சிறுபான்மையினருக்கு எதிரான வெறுப்பைத் தடுக்க உதவ வேண்டியது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய 2007இன் சர்வதேச சமவாயச் சட்டம். அதன் கீழ் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார பேஸ்புக்கில் போட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதம் சிறையில் இருந்தார். அந்தச் சட்டத்தில் பிணை சாதாரணமாக மேல் நீதிமன்றத்தில்தான் கிடைக்கும். நவம்பர் மாதங்களில் புலிகளின் சின்னத்தோடும் தலைவரின் படத்தோடும் வரும் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவர்களும் இருக்கிறார்கள். இறந்தவரை நினைவுகூருவது உரிமை. அதை எந்தப் படத்தோடு, யார் யார் இருக்கும் குழுவில் செய்வது என்பதை வெளிநாட்டு நம்பரில் இருப்பவர் தீர்மானிக்க முடியாது; ஆபத்து வெள்ளவத்தையில் இருப்பவருக்குத்தான்.

உறுப்பினர் எழுதியதற்கு அட்மின் பொறுப்பா? கேரள உயர் நீதிமன்றம் 2022இல் இல்லை என்றது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும் 2021 டிசம்பரில் அட்மினாக இருந்ததற்காக மட்டும் ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்ற பக்கமே நின்றது. இவை இலங்கை நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே பிழையான பதிவைக் கண்டதும் நீக்குங்கள், நீக்கியதையும் நேரத்தையும் குழுவிலேயே ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு ஒரு நாள் அந்த வரி உங்களைக் காப்பாற்றும்.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது. 2025 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வரவிருந்தது பின்தள்ளப்பட்டது. குடும்பத் தேவைக்கு ஒருவர் வைத்திருக்கும் விவரம் அதற்குள் வராது. சங்கமோ ரியூசன் நிலையமோ நிர்வாக நோக்கில் வைத்திருக்கும் பட்டியலுக்கு அந்த விலக்கை நம்பியிருக்க முடியாது.

ஏதும் நடந்துவிட்டால் முதல் வேலை ஆதாரம். அனுப்பியவரின் நம்பர், திகதி, நேரம் தெரியும்படி வெட்டாமல் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், மூலச் செய்தியையும் அழிக்க வேண்டாம். ஒருவரின் அந்தரங்கப் படத்தை "ஆதாரத்துக்காக" இன்னொரு குரூப்பில் போடுவது அந்தக் குற்றத்தை நீங்களே இன்னொரு முறை செய்வது. கணக்கு களவு போனால் கணினிப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் (CERT) 101ஐ அழையுங்கள். பெண்களுக்கு இணையத் தொந்தரவில் ஹிதவதி அமைப்பு வழி சொல்லும்; பெண்கள் உதவி எண் 1938. பிள்ளைகள் சம்பந்தப்பட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929. பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. வாசிக்க முடியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டாம், என்ட்ரி இலக்கத்தை வாங்காமல் வெளியே வரவும் வேண்டாம்.

அரச அதிகாரி உங்கள் அடிப்படை உரிமையை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது. ஆணைக்குழுவின் எண் 1996. இந்த நான்கு எண்களையும் உங்கள் குழுவின் விவரக்குறிப்பில் இன்றிரவே எழுதி வையுங்கள். போகிற போக்கில், உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்றும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.